உதைக்கும் துப்பாக்கியும் உறுதியான ஸ்கோப்பும்

விழிஞ்ஞத்தில் குடியிருக்கும் எங்களுக்குக் கடல்தான் பழக்கம். காட்டுப்பன்றியைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை வந்ததில்லை. ஆனால் என் மைத்துனருக்குப் பாலோடு பக்கத்து மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் உண்டு. நாகர்கோவிலிலிருந்து அவருடைய அப்பா வந்து வாங்கிய நிலம். மேலே ரப்பர், கீழே மரச்சீனி. ஒரே இரவில் பன்றிக்கூட்டம் புகுந்து ஆறு மாத உழைப்பைப் புரட்டிப்போட்டுவிடும்.

மைத்துனரிடம் உரிமம் உள்ள .30-06 ரைபிள் இருக்கிறது. பஞ்சாயத்தின் அனுமதியும் பெற்றிருக்கிறார். போன வருடம் ஓணம் கழிந்த வாரம், ஒரு அந்தி நேரத்தில் மேட்டைப் பார்த்துக் குப்புறப் படுத்து ஒரு பன்றியைச் சுட்டார். அந்தக் கணமே ஸ்கோப்பின் பின் விளிம்பு அவர் புருவத்தில் இடித்தது. நான்கு தையல். அது ஆறிவிட்டது. ஆனால் குண்டு பன்றியின் தோளில் படாமல் காலில் பட்டிருந்தது. ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே நான்கு பேர் டார்ச் விளக்கோடு இரவெல்லாம் தேடினோம். விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட வரும் பெண்கள் அந்தத் தோட்டத்தில் உண்டு. அடிபட்ட பன்றி எந்தப் புதரில் கிடக்கிறதோ என்று நாங்கள் அன்று பட்ட பயம் கொஞ்சமல்ல. வீடுவீடாகப் போய், இன்று வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். காலை ஏழு மணிக்குத்தான் பன்றி கிடைத்தது.

மறுநாள் ஸ்கோப்பைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு தவறுகள் தெரிந்தன. தேர்ந்தெடுத்ததில் ஒன்று, பொருத்தியதில் ஒன்று. மலையோரத்தில் நிலம் உள்ள நம் சங்கத்து அன்பர்களுக்கும், வெளிநாடுகளில் முறைப்படி உரிமம் பெற்று வேட்டைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

நம் நாட்டில் வேட்டை பொழுதுபோக்கு அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. உயிருக்கும் பயிருக்கும் கேடு செய்யும் விலங்கைக் கொல்ல, அதிகாரம் பெற்றவரின் உத்தரவு வேண்டும். கேரள அரசு 2022 மே மாதத்தில் காட்டுப்பன்றி விஷயத்தில் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உரிமம் உள்ள துப்பாக்கியால் மட்டுமே சுடலாம். விஷம், வெடி, மின்வேலி கூடாது.

உதை எப்படிப்பட்டது?

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே பாய்கிறது. சாதாரண எடையுள்ள .30-06 ரைபிளில் இந்த உதை சுமார் 20 அடி-பவுண்டு. 1912-இல் வந்த .375 மேக்னத்தில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் பயன்படும் .458-இல் மூன்று மடங்கு. துப்பாக்கி இலேசாக இருந்தால் உதை இன்னும் கூடும்.

நின்ற பஸ் திடீரென்று முன்னால் புறப்பட்டால் நிற்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? அதுபோல, துப்பாக்கி பின்னால் பாயும்போது ஸ்கோப் வளையத்துக்குள் முன்னால் நழுவப் பார்க்கிறது. ஸ்கோப்பின் எடை இரண்டு மடங்கானால் திருகாணிகள் தாங்க வேண்டிய இழுப்பும் இரண்டு மடங்காகிறது. ஆகவே கனத்த உதைக்கு இலேசான ஸ்கோப்தான் நல்லது. பெரிய ரைபிளுக்குப் பெரிய ஸ்கோப் என்று கடையில் சொன்னால் நம்பிவிடக் கூடாது.

தேர்ந்தெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது கண் இடைவெளி. முழுக்காட்சியும் தெரிவதற்குக் கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் அது. உதைக்கும் ரைபிளுக்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறையவே கூடாது. நான்கு இருந்தால் நிம்மதி. பல ஸ்கோப்களில் பெரிதாக்கும் அளவைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி சுருங்கும். மைத்துனருடையது ஒன்பது மடங்கு வரை பெரிதாக்குவது. ஒன்பதில் வைத்தால் மூன்று அங்குலம்கூட இல்லை. அவரும் ஒன்பதில்தான் வைத்திருந்தார்.

அடுத்தது பெரிதாக்கும் அளவு. தோட்டத்தில் சுடும் தூரம் ஐம்பது மீட்டர் தாண்டுவது அரிது. ஒன்றிலிருந்து நான்கு மடங்கோ, இரண்டிலிருந்து ஏழு மடங்கோ போதும். குறைந்த மடங்கில் சுற்றுப்புறமும் தெரியும். பன்றிக்குப் பின்னால் ஆள் நிற்கிறாரா என்பதும் தெரியும். அந்தி வெளிச்சத்துக்கும் அதுவே நல்லது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 32 மில்லிமீட்டரை 4-ஆல் வகுத்தால் 8. 40-ஐ 9-ஆல் வகுத்தால் நாலரைகூட இல்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி வயதுக்குத் தக்கபடி ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் விரியும்.

ஸ்கோப் இல்லாமலும் காரியம் நடந்திருக்கிறது. சேலம், தருமபுரி காடுகளில் ஆட்கொல்லிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் தம் .405 வின்செஸ்டரில் டார்ச் விளக்கைப் பொருத்திக்கொண்டுதான் இரவில் உட்கார்ந்தார். கிட்டத்தில் மட்டும் சுடுகிறவருக்கு வெறும் குறிமுனையே போதும்.

பொருத்துவது

குண்டுகளை எடுத்துவிட்டு, போல்ட்டையும் கழற்றி வைத்த பிறகே கையை வைக்க வேண்டும்.

அடித்தகடும் வளையங்களும் எஃகாக இருக்கட்டும். திருகாணிகளிலும் துளைகளிலும் உள்ள எண்ணெயை அசிட்டோனால் துடைத்து, அடித்தகட்டுத் திருகாணிகளுக்கு மட்டும் நீல நிற லாக்டைட் ஒரு துளி விடலாம். சிவப்பு வேண்டாம்; பிறகு சூடாக்கினால்தான் கழற்ற முடியும். குறுக்குப் பள்ளம் உள்ள தகடானால், வளையத்தை முன்பக்கமாகத் தள்ளி, பள்ளத்தின் சுவரில் முட்டவைத்து முறுக்க வேண்டும். முன்னால் நழுவப் பார்க்கும் ஸ்கோப்பை அந்தச் சுவர்தான் தடுக்கிறது.

வளையத்தை முழுக்க முறுக்குமுன் கண் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். மடங்கை உச்சத்தில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைப் பதியுங்கள். கண்ணைத் திறந்ததும் வட்டம் முழுதாகத் தெரியும்வரை ஸ்கோப்பை நகர்த்தி, அங்கிருந்து அரை அங்குலம் முன்னால் தள்ளுங்கள். நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்கார்ந்தும், மேட்டைப் பார்த்துப் படுத்தும் பாருங்கள். மேல்நோக்கிப் படுக்கும்போது தலை தானாகவே முன்னால் போகிறது. மைத்துனர் அடிபட்டது அதனால்தான்.

குறுக்குக்கோடு நேராக நிற்கிறதா என்பதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும். நூலை எதிரே தொங்கவிட்டு, கோட்டை அதோடு ஒத்துவையுங்கள். பிறகு திருகாணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி முறுக்க வேண்டும். அளவு காட்டும் முறுக்குச் சாவி இருந்தால், வளையத் திருகாணிக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு. தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. கைப்பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கிவிடும்.

குறி சேர்ப்பது

அனுமதி பெற்ற சுடுதளத்தில் முதலில் 25 கெஜத்தில் சுட்டு, பிறகு 100 கெஜத்துக்குப் போகலாம். மூன்று மூன்றாகச் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்த வேண்டும். பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு சொடுக்கு 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கெஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்தப் பதினாறு சொடுக்கு வேண்டும்.

கடைசியாக, வளையமும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் ஸ்கோப் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். மைத்துனருடைய ஸ்கோப்பும் அப்படித்தான் நழுவியிருந்தது. குழாயில் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குத் தேய்ந்த தடம் இருந்தது. கோடு போட்டு வைத்திருந்தால் அன்று மாலை சுடுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இங்கே விழிஞ்ஞம் துறையில் தினமும் ஒன்றைப் பார்க்கிறேன். வள்ளத்தைக் கடலில் தள்ளுமுன், பின்பலகையில் மாட்டிய எஞ்சினின் கவ்வுத் திருகை ஒருமுறை கையால் முறுக்கிப் பார்க்காமல் யாரும் ஏறுவதில்லை. நேற்று இறுக்கினோமே என்று இருப்பதில்லை. அதிரும் பொருள் எதுவும் தளரும் என்று அவர்களுக்குத் தெரியும். மைத்துனரும் இப்போது நாலு மடங்கு ஸ்கோப் ஒன்றை மாட்டி, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அந்தக் கோட்டைப் பார்க்கிறார். புருவத்துத் தழும்பை யாராவது கேட்டால் சிரிக்கிறார். பால் வெட்ட வரும் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சிரிப்பதில்லை.