வேன் இயங்க மறுத்தால் எதை முதலில் நோக்குவது?

திருப்பூர் வட்டாரத்தில் விடியலை அறிவிப்பவை ஆலய மணியும் சேவலும் மட்டுமல்ல. பனியன் கம்பெனி வேன்களின் ஒலியும் அவற்றோடு சேர்ந்தது. பல்லடம், அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி, காங்கயம் ஆகிய திசைகளிலுள்ள சிற்றூர்களிலிருந்து தையலுக்கும், கட்டிங்குக்கும், செக்கிங்குக்கும் செல்வோரை நாள்தோறும் ஏற்றிவருபவை அவையே. இங்கே பலருக்கு ஊதியம் ஷிப்டுக் கணக்கு. வேன் ஒரு மணி நேரம் தாமதித்தால் இழப்பு ஓட்டுநரோடு நிற்பதில்லை. சனிக்கிழமை மாலையில் பல இல்லங்களின் சம்பளத்தில் அது தெரியும். ஆதலால், டீசல் வேன் காலையில் இயங்க மறுக்கும்போது செய்யவேண்டுவன யாவை என்பதை, வேன் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

தீப்பொறியில்லாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்தத் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் இல்லை. 1858இல் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல், காற்றைக் கடுமையாக அழுத்தும்போது பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கப் போதுமானது எனக் கண்டார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றியுடன் இயங்கியது. இன்றைய வேன்களிலும் அதே முறைதான். காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. அதன் வெப்பம் 500 பாகை செல்சியசைக் கடக்கிறது. அந்நொடியில் நாசில் வழியே தூறலாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

எனவே இந்த எஞ்சினுக்கு வேண்டுவன மூன்று: வேகமாகச் சுழற்றும் ஆற்றல், காற்றுக்குமிழி கலவாத தூய டீசல், போதிய அழுத்தமும் வெப்பமும். பெரும்பாலான கோளாறுகள் இம்மூன்றில் ஒன்றன் குறைவே. செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, செலவுள்ளதை நோக்கிச் செல்வதே அறிவுடைமை.

செல்ஃப் சுழல்கிறதா?

முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்துபோனால் பேட்டரி வலுவிழந்திருக்கும், அல்லது டெர்மினல் பிடிப்பு தளர்ந்திருக்கும். விளக்கு மங்காமல் எரிந்தும் செல்ஃப் ஓசையற்றிருந்தால், சாவி இணைப்பிலோ செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டிலோ குறை உண்டு. முழுதும் ஏற்றப்பட்ட பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 வோல்ட் எனில் ஏறத்தாழப் பாதி தீர்ந்துவிட்டது. டெர்மினலில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளையும், எஞ்சினுக்குச் செல்லும் எர்த் ஒயரையும் பாராமல் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு. துப்புரவு செய்யும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

புகையே சாட்சி

செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையெனில், ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் சைலன்சரை நோக்கவேண்டும். புகையே இல்லையெனில் டீசல் எஞ்சினுக்குள் சேரவில்லை. வெண்புகை வந்தால் டீசல் சேர்கிறது, ஆனால் எரியவில்லை. இந்த ஒரு வேற்றுமை பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

புகையில்லாதபோது முதலில் டாங்கில் டீசல் உண்டா எனப் பாருங்கள். காட்டும் முள்ளை மட்டும் நம்பவேண்டா. அடுத்து ஃபில்டர். அதன் அடியில் தேங்கும் நீரைத் திறந்து வடியுங்கள். பழைய வகை எஞ்சினில், பம்பின்மீதுள்ள ஸ்டாப்பர் சொலினாய்டு சாவி திருப்பும்போது "டிக்" என ஒலிக்கவேண்டும். ஒலிக்கவில்லையெனில் மின்சாரம் வருகிறதா என நோக்குங்கள்.

மாலையில் நன்றாக ஓடிய வேன் காலையில் மட்டும் முரண்டு செய்தால், பெரும்பாலும் காற்றே குற்றவாளி. வெடித்த ரப்பர் குழாய் அல்லது தேய்ந்த வாஷர் வழியே இரவில் காற்று புக, குழாயிலுள்ள டீசல் டாங்குக்கே திரும்பிவிடும். இது உறிஞ்சும் பக்கத்துப் பழுது ஆதலால் வெளியே சொட்டுக்கூடத் தென்படாது. சில அங்குலம் கண்ணாடிபோன்ற குழாயை இடையில் பொருத்தினால் குமிழிகள் தம்மைக் காட்டிக்கொடுக்கும். ஹேண்ட் பம்பை அழுத்தி, ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்றதும் முடுக்குவதே பரிகாரம்.

வெண்புகை வந்தால் ஹீட்டர் பிளக்கை நோக்குங்கள். நம் கொங்கு நாட்டில் பெருங்குளிர் இல்லை. ஆயினும் மார்கழி வைகறையில் பழைய எஞ்சினுக்கு அந்த உதவி வேண்டும். சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்தபின் செல்ஃப் அடிப்பதே முறை. பிளக்குகள் நலமாயிருந்தும் பற்றாவிடில், அழுத்தத்தை அளக்கும் வேலை மெக்கானிக்கினுடையது. எஞ்சின் வழக்கத்திற்கு மாறாக இலகுவாகவும் வேகமாகவும் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும், உடனே நிறுத்துங்கள்.

அவசரத்தின் விலை

தாமதமாகிறது என்று ஈதர் தெளிப்பானைக் காற்றுக்குழாயில் அடிப்போர் உண்டு. ஹீட்டர் பிளக் சூடாயிருக்கும் எஞ்சினில் அது வெடித்துப் பிஸ்டனை உடைக்கும், கையையும் சுடும். செல்ஃபைப் பத்து நொடிக்குமேல் தொடர்ந்து அடிக்கவேண்டா. ஒரு நிமிடம் ஓயவிடுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவது நச்சுப்புகையால் உயிருக்கு இறுதி.

இக்காலத்துக் காமன் ரெயில் எஞ்சின்களில் பழைய வழக்கப்படி நாசில் குழாயைத் தளர்த்துதல் பேராபத்து. அங்குள்ள அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் கடக்கும். டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இத்தகைய வண்டிகளில் எச்சரிக்கை விளக்கைக் குறித்துக்கொண்டு, ஸ்கேனர் உள்ள பட்டறையை நாடுவதே நேர்வழி.

மந்திரித்த வண்டிக்கும் ஃபில்டர் வேண்டும்

புது வண்டி வாங்கியதும் பங்குத்தந்தையிடம் மந்திரித்து வாங்குவது நம் குடும்பங்களின் நல்வழக்கம். அந்த ஆசீர் நம் கடமையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. 2007ஆம் ஆண்டு, புலம்பெயர்வோர் பணிக்கான திருப்பீட அவை சாலைப் பயணம் பற்றி வழிகாட்டி ஏடொன்றை வெளியிட்டது. அதில் வாகனமோட்டிகளுக்கெனப் பத்துக் கட்டளைகள் வகுத்து, கொலை செய்யாதே என்பதையே முதலாவதாக வைத்தது. பிறர் உயிரை ஏற்றிச் செல்பவனுக்குப் பராமரிப்பும் அறச்செயலே.

வாரம் ஒருமுறை டெர்மினலைத் துடைத்து வாசலின் தடவுங்கள். குறித்த காலத்தில் ஃபில்டரை மாற்றுங்கள். பஞ்சுத்தூசி பறக்கும் நம் ஊரில் ஏர் ஃபில்டரை அடிக்கடி நோக்குங்கள். டாங்கைக் கால்பங்குக்குக் கீழே இறக்காதீர்கள்.

காலையில் வண்டி நின்றவுடன், ஓட்டுநரை முதலாளியும், மெக்கானிக்கை ஓட்டுநரும் பழிப்பது எளிது. பழி சுமத்துமுன் விளக்கையும் புகையையும் விசாரிப்போம். மனிதரைப் பற்றித் தீர்ப்பிட நேரும்போதும் அப்பொறுமை நமக்குக் கைகொடுக்கும்.