ஊக்கலும் தன்கூற்றும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து

மனிதரை உழைக்கவும் கற்கவும் உந்தும் விசையை உளவியலாளர் ஊக்கல் என்பர். அது கண்ணுக்குப் புலனாகாதது. ஆகவே அதனை அளக்க விழைவோர் பெரும்பாலும் உரியவரையே வினவி, அவரது விடையைப் புள்ளிகளாக்குகின்றனர். 1932இல் லைக்கேட் வகுத்த படிநிலை அளவை இதற்கு வாய்ப்பான கருவியாயிற்று. முறை எளிது, மலிவானதுங்கூட. ஆயின் அது அளப்பது ஒருவரது ஊக்கலையா, அன்றி அவரது சமூகத்தின் பேச்சு மரபையா?

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இவ்வினா கூர்மையடைகின்றது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் நெசவாளர் ஒருவரிடம், அடுத்த ஆண்டு இன்னொரு தறி போடுவீர்களா எனக் கேட்பதாகக் கொள்வோம். ‘இன்ஷா அல்லாஹ்’ என்பார். இறைவன் நாடினால் என்பது பொருள். நூலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டவரும் அதையே சொல்வார். இருக்கும் தறியையே விற்க எண்ணியிருப்பவரும் அதையே சொல்வார். 1966இல் ரொட்டர் வெளியிட்ட கட்டுப்பாட்டு மைய அளவையோ, தம் முயற்சியை நம்புவோரையும் விதி, தற்செயல் முதலியவற்றை நம்புவோரையும் எதிரெதிர் முனைகளில் நிறுத்துவது. அதன் கண்கொண்டு நோக்குவோர் இவ்விரு நெசவாளரையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடுவர். இது வெறும் கணிப்பீட்டுப் பிழையன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் இக்கரைக்கு வினாக்கொத்துகளுடன் வந்தோர் பலர். ‘ஊக்கமற்றோர்’ என்ற முத்திரை யாருக்குக் கடன், யாருக்குப் பயிற்சி என்பதையே தீர்மானிக்க வல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வினவப்படுவோர் தம்மை உயர்த்திக் கூறுவர் என்பது உளவியலாரின் வழமையான அச்சம்; 1960இல் கிரௌனும் மார்லோவும் அமைத்த 33 கூற்றுகள் அதனைக் கண்டுபிடிக்கவே எழுந்தன. பொதுத் தமிழில் முகப்புகழ்ச்சியைக் குறிக்கும் ‘முகஸ்துதி’, முஸ்லிம்களின் வழக்கில் பிறர் காண நற்செயல் புரிதலைக் குறிக்கும். அதனை அஞ்சுபவர் தம் முயற்சியைத் தாழ்த்தியே கூறக்கூடும். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் எண்ணத்தையும் முகஸ்துதியையும் விரிவாக ஆராய்ந்தவர். செய்பவருக்கே எளிதிற் புலப்படாத முகஸ்துதியும் உண்டென்பது அவர் துணிபு.

மக்லெலன்ட் வேறு வழியாக ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்தார். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் செய்து, அக்கதைகளில் சாதனை நாட்டத்தைத் தேடியவர் அவர். 1964இல் ஆந்திரத்துக் காக்கிநாடாவில் சிறுதொழில் முனைவோருக்கு அவர் நடத்திய பயிற்சியும் இவ்வாய்வின் வழிவந்ததே. கதைகளில் வெளிப்படும் ஊக்கலும் வாயாற் கூறும் ஊக்கலும் பெரிதும் இணைவதில்லை என்றும், முன்னையது நீண்டகால நடத்தையையும் பின்னையது உடனடித் தெரிவுகளையும் காட்டும் என்றும் 1989இல் அவரும் இரு சகாக்களும் எழுதினர். தன்கூற்று பொய்யன்று, அது வேறொன்றைச் சொல்கிறது.

தறி சென்ற மாதம் எத்தனை நாள் ஓடியது, நூலுக்குப் பணம் எப்போது கொடுக்கப்பட்டது என்னும் கேள்விகளைத் தன்கூற்றின் அருகே வைத்தால், அந்த ஒரே ‘இன்ஷா அல்லாஹ்’ இரண்டாகப் பிரிவதைக் காணலாம். ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்குமுன், இவ்வூர்ப் பேச்சில் உறுதி எவ்வாறு ஒலிக்கிறது, தயக்கம் எவ்வாறு ஒலிக்கிறது எனப் பதிவுசெய்தல் வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அண்மையிலேயே இருக்கையில் அது அரிய பணியன்று.