வேருக்கும் மூச்சு வேண்டும்

செடிக்கு நீர் இன்றியமையாதது என்பதை அறியாதார் இலர். வேருக்குக் காற்றும் அவ்வாறே இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அகன்ற நிலத்தில் வளரும் மரஞ்செடிகள் தமக்கு வேண்டிய காற்றையும் நீரையும் வேரோட்டித் தாமே தேடிக்கொள்கின்றன. பூச்சாடியில் வாழும் செடிக்கு அந்த உரிமை இல்லை. ஒரு சாண் அகலமுள்ள மண்ணே அதன் உலகம். அந்த உலகத்தை அமைத்துக் கொடுப்பவர் வீட்டுக்காரர். ஆகவே சாடி மாற்றுதல் என்னும் சிறு வேலை, அச்செடியின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும் வேலையாகிவிடுகிறது.

பொல்பிட்டிய நீருக்குக் குறைவில்லாத ஊர். மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுவது இப்பகுதியிலேதான். 1969ஆம் ஆண்டு முதல் இங்குள்ள நீர்மின் நிலையம் மலைநீரின் வேகத்தை மின்சாரமாக மாற்றி நாட்டுக்கு அளித்து வருகிறது. ஹட்டன் பக்கமாகச் சற்று மேலே ஏறினால் வட்டவளை வந்துவிடும். ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடம் அது. மழைக்காலத்தில் துவைத்த துணி நாட்கணக்கில் உலராத இந்த மலைச்சாரலில், சாடி மண் மட்டும் விரைவில் உலர்ந்துவிடுமா?

இவ்வூர்களின் வீட்டு முற்றங்களிலும், லயத்து இஸ்தோப்புகளிலும், பாடசாலை அலுவலக மேசைகளிலும் அண்மைக் காலமாகப் பலரும் விரும்பி வளர்க்கும் செடி ஒன்று உண்டு. பளபளக்கும் கரும்பச்சை இலைகளுக்கு நடுவே, வெண்கொடி பிடித்தாற்போல் ஒற்றை மடலை விரித்து நிற்பது அது. பீஸ் லில்லி என்பது அதன் வழக்குப் பெயர். அமைதி அல்லி என்று நாம் அழைக்கலாம். உண்மையில் அது அல்லியும் அன்று, லில்லியும் அன்று. சேம்பும், கருணையும், அந்தூரியமும் சேர்ந்த குடும்பமே அதன் குடும்பம். நாம் பூவென்று கருதும் வெண்மடல் உருமாறிய ஓர் இலையே. மடலின் நடுவே நிற்கும் கதிரில் நெருங்கி அமைந்திருக்கும் நுண்ணிய புள்ளிகளே மெய்யான பூக்கள்.

ஸ்பதிபில்லம் என்னும் இவ்வினத்திற்கு 1832இல் பெயரிட்டவர் ஷொட் என்னும் தாவரவியலாளர். வீடுகளில் வளரும் வகைகளுள் புகழ்பெற்ற ஒன்று, தென் அமெரிக்கக் காடுகளில் செடி தேடி அலைந்த குஸ்தாவ் வாலிஸ் என்னும் ஜெர்மானியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் தாயகமாகிய கொலம்பியா, வெனிசுவேலா நாட்டு மழைக்காடுகளில் பெருமரங்களின் நிழலில், உதிர்ந்து மக்கிய சருகுப் படுகையிலே அது வளர்கிறது. அங்கும் மழை மிகுதியே. ஆயினும் சருகுப் படுகை இறுகாது. பெய்த நீர் கீழே வடிந்தவுடன் அந்த இடைவெளிகளில் காற்று வந்து புகுந்துவிடும். நீரும் காற்றும் மாறி மாறி வந்து போகும் இடமே இச்செடி பழகிய இடம்.

வேர் எதற்காகக் காற்றை வேண்டுகிறது? இலை, பகலொளியில் உணவைச் சமைக்கிறது. அந்த உணவை எரித்துச் சக்தி பெற்றால்தான் வேர் வளரவும், மண்ணிலிருந்து உப்புக்களை உறிஞ்சவும் இயலும். அதற்கு ஒட்சிசன் வேண்டும். நீர் நிறைந்த மண்ணினூடே ஒட்சிசன் பரவும் வேகம், காற்றினூடே பரவும் வேகத்தில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆதலால் மண் நீரில் தோய்ந்து கிடக்குமாயின் வேர் மூச்சடைத்து நலிகிறது. நலிந்த வேரைப் பூஞ்சணம் பற்றுகிறது. வெண்மையாய் உறுதியாய் இருந்த வேர் கறுத்துக் குழைகிறது. வேர் அழுகிய செடிக்கு நீரை உறிஞ்சும் வலு ஏது? அது தண்ணீரின் நடுவிலேயே தாகத்தால் வாடுகிறது.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். நீர் போதாத செடியும் இலை தொங்கும். நீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் இலை தொங்கும். தோற்றம் ஒன்றே, காரணம் நேர்மாறு. தொங்கிய இலையைக் கண்டு இரக்கங்கொண்டு மேலும் ஒரு செம்பு நீர் ஊற்றுவோர், அழுகல் நோயுற்ற செடிக்குத் தம்மை அறியாமலே கேடு செய்கின்றனர். வேறுபாட்டை அறிவது எளிது. சாடியைத் தூக்கிப் பார்க்கவேண்டும். இலகுவாக இருந்தால் செடி தண்ணீர் கேட்கிறது; கனமாக இருந்தும் இலை தொங்கினால் காற்றுக் கேட்கிறது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனையே.

சாடி மாற்ற வேண்டிய காலத்தைச் செடியே அறிவிக்கும். அடித்துளை வழியே வேர் எட்டிப் பார்க்கும். ஊற்றிய நீர் மண்ணில் தங்காமல் உடனே ஓடிவிடும். முன்னர் ஒரு வாரம் தாங்கிய செடி இரண்டே நாளில் வாடும். இவை, மண்ணின் இடத்தை வேரே பிடித்துக்கொண்டது என்பதற்கு அறிகுறிகள். பொதுவாக ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்நிலை வரும். பொல்பிட்டியவில் மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன்னரே செடி புதிய வேர்விட்டு நிலைத்துவிடும்.

அடுத்து எழும் கேள்வி, புதிய சாடி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது. வளரும் பிள்ளைக்கு அளவிற் பெரிய சட்டை தைப்பதுபோல, மூன்று ஆண்டுக்கும் போதுமென்று ஒரு பெரிய வாளியில் நட்டுவிடுவோர் உளர். சட்டை பெரிதானால் கேடில்லை. சாடி பெரிதானால் கேடு உண்டு. வேர் எட்டாத மண்ணில் உள்ள நீரை உறிஞ்சுவார் இல்லை. அந்த மண் பல நாள் ஈரமாகவே கிடந்து, மெல்ல மெல்ல வேர்ப்பக்கமும் அழுகலைக் கொண்டுவரும். ஆகையால் பழைய சாடியைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் அகன்ற சாடியே தக்கது. மண்சாடியாயினும், பால்மாப் பேணியாயினும் அடியில் துளை இருத்தல் வேண்டும். நீர்த்தேக்கத்திற்கு வான்கதவு எப்படியோ, சாடிக்குத் துளை அப்படி.

துளை இருந்தால் போதாதா, அடியில் ஒரு படை கல்லையும் நிரப்பவேண்டுமா? நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அது மெய்யன்று. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சு ஒன்றை நீரில் தோய்த்துப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் சொட்டுதல் நின்றுவிடும். பின் அதையே நெட்டாக நிமிர்த்துங்கள். மீண்டும் நீர் சொட்டும். உயரம் கூடினால் வடிதல் கூடுகிறது என்பதே இதன் பொருள். மண்ணும் ஒரு ஸ்பொஞ்சுதான். நுண்ணிய மண், தன் அடிப்பகுதியில் ஓரளவு நீரை விடாமல் பிடித்து நிற்கும். அதைத் தன்னிலும் பருத்த கற்படைக்குள் எளிதில் இறங்கவிடாது. கல்லை நிரப்புவதால் மண்ணின் உயரம் குறைந்து, அந்த ஈரப்பகுதி வேருக்கு இன்னும் அருகில் ஏறி வருகிறது. மண் ஒழுகாமல் தடுக்கத் துளைமீது ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

நீர் வடிவதற்கு வழி செய்யவேண்டியது மண் கலவையிலேதான். மலைநாட்டுச் செம்மண் கொடிக்கும் மரத்துக்கும் நல்லது. சாடியில் தனித்து இட்டால் மழையில் இறுகிக் களியாகிவிடும். மண் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, பரும்படியான ஆற்றுமணல் ஒரு பங்கு என்று கலந்து, கைப்பிடி கரித்துண்டுகளும் சேர்த்தால் போதும். கலவையை ஈரமாக்கிக் கையில் பிடித்து விட்டால் அது உருண்டையாக நில்லாமல் உதிரவேண்டும். தேங்காய் மட்டைத் துண்டுகளிலும் செங்கல் துண்டுகளிலும் அந்தூரியம் வளர்ப்போர் இந்த நுட்பத்தை நன்கறிவர்.

இனி, செடியைப் பெயர்க்கும் முறை. முதல்நாளே நீர் ஊற்றி வைத்தால் மண் கட்டாகக் கழன்று வரும். தண்டைப் பிடித்து இழுத்தல் ஆகாது. சாடியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, மண்கட்டை உள்ளங்கையில் ஏந்தவேண்டும். தோட்டங்களில் தவறணை என்று வழங்கும் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்தோருக்கு இது புதிதன்று. பொலித்தீன் உறையைக் கிழித்து, மண் உடையாமல் கன்றைக் குழியில் இறக்கும் கைப்பக்குவமே இங்கும் வேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சாடிக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேர்களை விரலால் மெதுவாகப் பிரித்துவிடவேண்டும். கறுத்துக் குழைந்தவற்றைத் தூய கத்தியால் நீக்கவேண்டும். செடி பல கன்றுகளாகப் பெருகியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் வேரும் சில இலைகளும் அமையுமாறு பிரித்து, அயலாருக்கும் கொடுக்கலாம்.

பழைய சாடியில் எந்த ஆழத்தில் நின்றதோ, அதே ஆழத்தில் செடி நிற்கவேண்டும். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதியை மண் மூடலாகாது. மண்ணை இடித்து இறுக்காமல், விளிம்புக்கு ஓர் அங்குலம் குறைய நிரப்பி, அடித்துளையால் ஒழுகும்வரை பீலித் தண்ணீரையோ மழைநீரையோ ஊற்றி, வடியவிட்டு, நிழலில் வைக்கவேண்டும். சில நாள் இலை சோர்ந்து நிற்கும், அஞ்சவேண்டியதில்லை. ஒன்றரை மாதம் வரை உரம் இடாதிருத்தல் நலம்.

செடியின் நலத்தோடு வீட்டாரின் நலமும் இங்கே பிணைந்துள்ளது. சாடியின் கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் நீர், டெங்கு நுளம்புக்குப் பிறப்பிடம். அது பாத்திரத்தின் உட்சுவரில் இடும் முட்டை நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர்பட்டதும் பொரிக்கும். முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாளே போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவாயினர் என்பதை நினைவிற் கொண்டால், தட்டின் நீரைக் கொட்டுவதோடு நில்லாமல், வாரம் ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவுவதன் தேவை விளங்கும். மேலும், பச்சைச் சேம்பு நாவில் அரிப்பதற்குக் காரணமான ஊசிபோன்ற படிகங்கள் இச்செடியிலும் உள்ளன. குழந்தைகள் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். எனவே எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

இச்செடி அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்னும் புகழும் பரவியுள்ளது. 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் சார்பில் நடந்த ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. திறந்த யன்னலுள்ள வீட்டில் ஓரிரு சாடிகளால் அத்தகைய பயன் விளையாது என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு. நமக்கு நல்ல காற்றைத் தருவது யன்னலே. செடிக்கு அதைத் தரவேண்டியவர் நாம். அளவான சாடி, பொருபொருத்த மண், திறந்த துளை என்னும் மூன்றினால் அது இயலும். இவற்றை அமைத்துக் கொடுத்தால், பொல்பிட்டிய மழையின் ஈரக்காற்றிலே அந்தச் செடி தன் தாயகக் காட்டை நினைந்து ஏங்கவேண்டியதில்லை.