ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

திருவண்ணாமலைக்குப் போனால் கோயிலைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் சாத்தனூர் அணை இருக்கிறது. சென்னகேசவ மலைப் பாறைகளுக்கு நடுவே தென்பெண்ணை ஆற்றை மறித்து, 1958-இல் கட்டி முடித்தார்கள். நீர்மட்டத்தின் முழு உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி.

அணை கட்டப் பாறை இடுக்கைத் தேடுவது ஏன்? இருபுறமும் மலையே சுவராக நிற்கும். அடியிலுள்ள பாறை நீரின் அழுத்தத்தைத் தாங்கும்.

பாசனத்துக்காகக் கட்டிய அணை இது. பின்னாளில் 7.5 மெகாவாட் மின்நிலையமும் அமைந்தது. வயலுக்குப் போகும் நீர் வழியில் டர்பைனைச் சுழற்றிவிட்டுப் போகிறது. சுழற்றியதால் ஒரு சொட்டும் குறைவதில்லை. நீர் இழப்பது உயரத்தை மட்டுமே!

இப்போது ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோ. அது 30 மீட்டர் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் 1 × 9.8 × 30 = 294 ஜூல். ஒரு யூனிட் என்பதோ 36 லட்சம் ஜூல். வகுத்துப் பாருங்கள்: 12,000 லிட்டருக்கு மேல் வருகிறது. ஒரு லாரித் தண்ணீர்! எந்திரங்களில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

நீலகிரியில் 1932-இல் இயங்கத் தொடங்கிய பைகாரா மின்நிலையத்தில் நீர் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து குழாய்களில் இறங்குகிறது. அங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 400 லிட்டர் போதும். உயரம் கூடக்கூட, தேவைப்படும் நீர் குறைகிறது.

அப்படியானால் வெள்ளம் வந்தால் மின்சாரம் கொட்டுமா? கொட்டாது. 7.5 மெகாவாட் எந்திரத்துக்கு, நம் கணக்குப்படி, விநாடிக்குச் சுமார் 1,000 கனஅடி போதும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிட நேர்ந்தது. அந்த நீர் மதகுகள் வழியே பாய்ந்து, கீழே ஆற்றங்கரை ஊர்களைச் சூழ்ந்தது. அணையை நிரப்பி வைத்தால் பயிருக்கும் மின்சாரத்துக்கும் நல்லது. வெள்ளத்தைத் தாங்கவோ அதில் காலியிடம் வேண்டும். எவ்வளவு நிரப்புவது, எப்போது திறப்பது என்று முடிவு செய்வது எளிதான வேலையல்ல.

உங்கள் வீட்டு மின் மீட்டரில் இன்றும் நாளையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை 12,000-ஆல் பெருக்குங்கள். ஒரே நாளில் உங்கள் வீட்டுக்காகச் சாத்தனூரில் எத்தனை லிட்டர் விழ வேண்டியிருக்கும்?