கிணற்றுச் சுவரில் ஒரு பெரணி

பூவும் விதையும் இன்றித் தழைக்கும் பெரணியினம் மலைச்சோலைகளுக்கே உரியது என்று எண்ணுவோர் பலர். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் எஞ்சியுள்ள பழங்கிணறுகளை அவர்கள் எட்டிப் பார்த்தல் வேண்டும். ஏணிப்படிகளைப் போல் இருபுறமும் நீண்ட சிற்றிலைகளை அடுக்கிய பெரணியொன்று உட்சுவரில் தொங்கக் காணலாம். லின்னேயசு 1753-இல் இதற்கு இட்ட பெயர் டெரிஸ் விட்டாட்டா.

மண்ணினும் சுண்ணாம்புக் காரையே இதற்கு உவப்பு. செங்கல் இடுக்கில் சிறிது ஈரம் இருப்பின் ஆண்டு முழுதும் பசுமை குன்றாது. இலைவிளிம்பு கீழ்ப்புறம் மடிந்திருக்கும். அம்மடிப்பினுள் பழுப்புக் கோடாக ஸ்போர் எனும் நுண்துகள்கள் விளையும். காற்று அவற்றை அடுத்த சுவருக்குச் சேர்க்கும்.

ஆசிய நாடுகளுக்குரிய இச்செடி அமெரிக்காவின் புளோரிடாவிலும் குடியேறியுள்ளது. அங்கு, மரங்களுக்கு இடும் காப்பு மருந்தால் ஆர்சனிக் நஞ்சேறிய நிலமொன்றில் இது செழித்து நின்றது. வேரால் உறிஞ்சிய நஞ்சை இலைகளில் சேர்த்து வைக்கிறது என ஆய்வாளர் 2001-இல் வெளியிட்டனர். சோதனையில் இலையின் உலர் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. பிற செடிகளுள் பெரும்பாலானவை இதில் சிறுபங்கையும் தாங்கா! கெட்ட நிலத்தைத் தூய்மையாக்க இன்று இதனை நட்டு, இலைகளை அறுத்து அகற்றுகின்றனர். அவ்விலையைக் கால்நடைக்கு இடுவதும் எருவாக்குவதும் கூடா.

நிலத்தில் நஞ்சின்றேல் இலையில் நஞ்சு சேர வழியில்லை. ஆகவே, நம் சுவரில் முளைத்ததை அஞ்சிப் பிடுங்க வேண்டுவதில்லை. சுவரைப் பிளப்பவை ஆலும் அரசுமே. இதன் வேரோ மெல்லியது. கிணறுகள் தூர்க்கப்படும் தெருக்களில் மழைநீர்க் குழாயின் அடியில் இதனைத் தேடலாம்.