சாவியிலிருந்து படிகத்திற்கு

கோவை நூற்பாலைகளில் பணிமுறை மாறும்போது ஊதிய சங்கொலியே ஒரு காலத்தில் அவ்வட்டாரத்தின் பொதுக் கடிகாரம். மேற்கே தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் நிழலின் நீளம் கண்டு பொழுதறிந்தோரும் உண்டு. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். அதற்குக் கடிகை என்றும் பெயர். கடிகாரம் என்னும் சொல் அதனோடு உறவுடையது. ஆலைப்பணியும் அலுவலகப்பணியும் பெருகியபோது நாழிகைக் கணக்குப் போதவில்லை. நிமிடக் கணக்கு வேண்டியதாயிற்று.

அத்தேவையை முதலில் பெருமளவில் நிறைவுசெய்தது பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. ஆகும். அது சப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூருவில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. நாள்தோறும் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் அவை. சாவி கொடுக்கையில் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். அது விரியும் விசை பற்சக்கரங்களை ஓட்டும். நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் சமநிலைச் சக்கரம் அவ்வோட்டத்தை அளவுபடுத்தும். மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் அணிவிப்பது திருமண வழக்கமாகவே ஆயிற்று.

சப்பானின் சீக்கோ நிறுவனம் 1969இல் குவார்ட்சு கைக்கடிகாரத்தை வெளியிட்டது. இன்றைய குவார்ட்சு கடிகாரங்களில் மின்கலத்தின் ஆற்றலால் படிகம் பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிரும். அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். மின்சுற்று செய்வதும் அதுவே. சாவிக் கடிகாரம் ஒரு நாளில் காட்டும் பிழையை இது ஒரு திங்களிலும் காட்டாது, உறுப்புகளும் குறைவு. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கடிகாரத் தொழிலே இதனால் நிலைகுலைந்தது.

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் இணைந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அப்பெயரின் பின்பாதி தமிழ்நாட்டைச் சுட்டுவது. ஓசூரில் ஆலை எழுந்தது. நாடு சாவிக் கடிகாரத்திற்குப் பழகியிருந்த வேளையில் படிகத்தையே நம்பி இறங்கியது துணிவுதான். பள்ளிக் கல்வி முடித்த சிற்றூர் இளைஞர்களைத் தேர்ந்து, நுண்பணியில் பயிற்றுவித்து அமர்த்தியது இன்னும் பெரிய துணிவு. கடிகாரம் காலங்காட்டும் கருவி என்பதோடு அணிகலனும் ஆயிற்று. 2002இல் வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள எட்ஜ் கடிகாரம் வந்தது.

எச்.எம்.டி.யும் குவார்ட்சு கடிகாரங்களைச் செய்யாமல் இல்லை. ஆயினும் அதன் முதன்மை நாட்டம் சாவிக் கடிகாரத்திலேயே நெடுங்காலம் நின்றது. உழைப்பில் அதன் கடிகாரங்களைக் குறைசொல்ல முடியாது. மாறிய விருப்பத்திற்கு விரைந்து இசையாமையே அதனை வீழ்த்தியது எனலாம். அதன் கடிகாரப் பிரிவை மூட 2016இல் நடுவணரசு முடிவுசெய்தது.

கைப்பேசியே மணி காட்டும் இந்நாளில், இதயத்துடிப்பையும் எண்ணும் திறன்கடிகாரங்கள் மணிக்கட்டைப் பிடித்துள்ளன. பழுதுநீக்குவோரின் பணியும் பெரும்பாலும் மின்கலம் மாற்றுவதாகச் சுருங்கிவிட்டது. பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைச் சேகரிப்போரோ, அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளைத் தேடி அலைகின்றனர்.