பழைய லேப்டாப் ஆன் ஆகுது... ஆனா உள்ளே விடல! பயாஸ் பாஸ்வேர்டை மறந்தால் என்ன செய்யலாம்?

பீரோ மேல நாலஞ்சு வருஷமா கிடந்த லேப்டாப். தம்பி காலேஜ் சேர்ந்துட்டான், புதுசு வாங்க இப்போதைக்கு வசதி இல்லை. தூசி தட்டி சார்ஜ் போட்டால் ஆன் ஆகிறது. ஆனால், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து பாஸ்வேர்ட் கேட்கிறது. பூட்டுப் போட்ட அண்ணனுக்கே அது ஞாபகம் இல்லை. 'ஃபார்மட் அடிச்சா போயிடும்'னு தெருவில் யாராவது சொல்வார்கள். போகாது. ஏன்?

இது விண்டோஸ் பாஸ்வேர்ட் இல்லையா?

இல்லை. விண்டோஸ் பாஸ்வேர்ட் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது. ஃபார்மட் செய்தால் அதுவும் சேர்ந்தே அழிந்துவிடும். இதுவோ, கம்ப்யூட்டரின் மதர்போர்டில் உள்ள சிப்பில் உட்கார்ந்திருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது அந்த சிப்பில் உள்ள மென்பொருள்தான். பழைய பெயர் பயாஸ், இப்போது யூஇஎஃப்ஐ. டிஸ்க்கையே மாற்றினாலும் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

இதில் 3 வகை உண்டு. பவர்-ஆன் பாஸ்வேர்ட் இருந்தால் மெஷின் மேற்கொண்டு நகரவே நகராது. சூப்பர்வைசர் அல்லது அட்மின் பாஸ்வேர்ட் இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் வரும். ஆனால் செட்டிங்ஸை மாற்ற முடியாது, பல மாடல்களில் பென் டிரைவ் போட்டு புது சிஸ்டம் ஏற்றவும் விடாது. மூன்றாவது, ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்ட். இது டிஸ்க்குக்குள்ளேயே இருப்பதால் வேறு லேப்டாப்பில் மாட்டினாலும் திறக்காது.

பேட்டரியைக் கழற்றினால் போதாதா?

பழைய டெஸ்க்டாப்புகளில் போதும். அவற்றில் பாஸ்வேர்ட் சிமாஸ் எனும் சின்ன நினைவகத்தில் இருந்தது. நாணயம் மாதிரி ஒரு பேட்டரிதான் அதற்கு உயிர். அதைக் கழற்றி வைத்தால் எல்லாம் மறந்துவிடும். 'பேட்டரியைக் கழட்டு' என்ற வைத்தியம் அப்போது பிறந்ததுதான்.

லேப்டாப் திருட்டுக்கு இது ரொம்ப வசதியாகிவிடும் என்பதால், மின்சாரமே இல்லாவிட்டாலும் மறக்காத சிப்புக்கு பாஸ்வேர்டை மாற்றினார்கள். ஆகவே பெரும்பாலான லேப்டாப்புகளில் பேட்டரியைக் கழற்றினால் தேதியும் நேரமும்தான் போகும், பூட்டு போகாது.

கம்பெனி என்ன செய்யும்?

பிராண்டுக்கு பிராண்ட் வேறு. லெனோவோ திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனியே ரீசெட் செய்து தராது. பில்லைக் காட்டி, பணம் கட்டி, மதர்போர்டையே மாற்ற வேண்டும். டெல்லில், லேப்டாப்பின் அடியில் இருக்கும் சர்வீஸ் டேக் எண்ணையும் பூட்டுத் திரையில் வரும் குறியீட்டையும் சொன்னால், நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதியான பிறகு திறப்பதற்கான பாஸ்வேர்ட் கிடைக்க வழி உண்டு. இன்டெல் சிப் உள்ள மேக்புக் என்றால், வாங்கிய ஒரிஜினல் பில்லோடு ஆப்பிள் ஸ்டோருக்கோ அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கோ போக வேண்டும்.

கவனித்தீர்களா? எல்லா வழியும் போய் முடிகிற இடம் பில்தான். 'உள்ளே என்ன இருக்கு' என்பதல்ல, 'மெஷின் யாருடையது' என்பதுதான் இந்தப் பூட்டு கேட்கிற கேள்வி.

ரிச்சி ஸ்ட்ரீட் போகலாமா?

வாரன்டி முடிந்த பழைய மாடலுக்கு மதர்போர்டு மாற்றுவது கட்டுப்படியாகாது. சென்னையில் அடுத்த வழி சிந்தாதிரிப்பேட்டைதான். நெசவாளர்களுக்காக 1734-ல் 'சின்னத் தறிப் பேட்டை'யாக உருவான ஊரின் ஓரத்தில், ரிச்சி ஸ்ட்ரீட்டும் நரசிங்கபுரம் தெருவும் இன்று எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. போர்டு வேலை தெரிந்த சர்வீஸ் ஆட்கள் பயாஸ் சிப்பில் கிளிப்பை மாட்டியோ, சிப்பைக் கழற்றியோ, அதில் உள்ளதைப் படித்து, பூட்டு இல்லாததாக மாற்றி எழுதுவார்கள். எல்லா மாடலிலும் இது நடக்காது. சிலவற்றில் பாஸ்வேர்ட் வேறொரு சிப்பில் இருக்கும்.

வேலையைக் கொடுக்கும் முன் 3 கேள்வி கேளுங்கள். இதே மாடலை முன்பு செய்திருக்கிறீர்களா? ஒரிஜினல் ஃபைலை முதலில் பேக்கப் எடுப்பீர்களா? போர்டு செத்துப்போனால் யார் பொறுப்பு? இரண்டாவது கேள்வி முக்கியம். லேப்டாப்பின் சீரியல் நம்பரும், பல மாடல்களில் விண்டோஸ் லைசன்ஸும் அதே சிப்பில்தான் இருக்கும். வேறு மெஷினின் ஃபைலை அப்படியே ஏற்றினால் அவை போய்விடும்.

'போட்டோ மட்டும் போதும்' என்றால்?

அப்போது பூட்டைத் தொடவே வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் போதும். டிஸ்க் பாஸ்வேர்டோ என்க்ரிப்ஷனோ இருந்தால் மட்டும்தான் சிக்கல். பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டு மாற்றினாலும் இதே கீ தேவைப்படும் என்பதால், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பே தேடி வைப்பது நல்லது.

பில் இல்லையென்றால்?

ஆன்லைன் ஆர்டர் என்றால் பழைய இமெயிலில் இன்வாய்ஸ் கிடைக்கலாம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தில் வந்ததென்றால் கடை பில் இருக்காது. அதை வாங்கியபோது பள்ளியோ கல்லூரியோ கொடுத்த ஆவணம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள்தான் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே கம்ப்யூட்டரை வாங்கினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66பி-யின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. எனவே விண்டோஸ் திறக்கிறதே என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். கடையிலேயே ரீஸ்டார்ட் செய்து, எஃப்2, எஃப்10, எஸ்கேப் என அந்த மாடலுக்குரிய பட்டனை அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே பாஸ்வேர்ட் கேட்டால், விற்கிறவரே எடுத்துக் கொடுக்கட்டும். முடியாது என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.